முகம் பார்க்க ஓர் ஆள்

சைபீரியாவின் இந்திகிர்கா ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் ஒக்டோவைத் தெரியாதவர் கிடையாது. குதிரை மேய்க்கும் ஜொகோரின் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளையைத் தகப்பன் தன் உரோமக் கோட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு குதிரை மேல் போவார். எவ்வளவு பொத்தி வைத்தாலும் குழந்தை முகத்தை வெளியே நீட்டிவிடும். பேச்சு வருவதற்கு முன்பே அவளுடைய இரண்டு கன்னங்களிலும் குளிர் கடித்துக் கறுத்த தழும்பு விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "குளிர்காளை நக்கிவிட்ட மூஞ்சி" என்று கேலி செய்வார்கள். குளிரைக் கொண்டுவருவது ஒரு பெரிய காளை என்பது எங்கள் ஊர்க் கதை. அவள் அழமாட்டாள். "உன்னப் பாத்தா அது நக்கக்கூட செய்யாது, பயந்து ஓடிரும்" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அந்தத் தழும்புக்காரியைத்தான் பஹிலாய் விரும்பிக் கட்டிக்கொண்டான். அவனும் குதிரைக்காரன். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் யாரும் தனியாக வெளியே போவதில்லை. போனால் இரண்டு பேராகப் போவார்கள். பயத்தால் அல்ல. தன் மூக்கைத் தன்னால் பார்க்க முடியாது என்பதுதான் காரணம். குளிர் தோலைக் கடிக்கும்போது முதலில் சுருக்கென்று வலிக்கும், பிறகு வலி நின்றுவிடும். வலி நின்ற இடம் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் மெழுகு போல வெளுத்துப் போவது எதிரில் இருப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும். "மூக்கு வெளுக்குது" என்று ஒருவர் சொன்னவுடன் மற்றவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையால் மூடிக்கொள்வார். எவ்வளவு சண்டையிருந்தாலும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். பஹிலாய்க்கு அது எப்படிப் பழகிப்போயிருந்தது என்றால், வீட்டுக்குள் அடுப்பருகே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட நடுநடுவே மனைவியின் முகத்தை ஏறிட்டுப் பார்த்துக்கொள்வான்.

அவன் தனியாகப் போன அன்றுதான் செத்தான். பனியில் மேயப் போன சினைக்குதிரைகளை ஓநாய் விரட்டியதென்று செய்தி வந்தது. துணைக்கு ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடைத்தான். வலது கையுறை பனியில் பலகை போல விறைத்துக் கிடந்தது.

அவனுடைய அக்கா பல்பாரா, சவ அடக்கத்தன்று ஊர் கூடியிருந்தபோது சொன்னாள்: "கையுறைக்குள்ள ஈரம் இருந்துருக்கு. காயவெக்காம அனுப்பிருக்கா. என் தம்பிய இவதான் கொன்னா."

  அவன் போவதற்கு முந்தைய இரவு கையுறைகளை அடுப்புக்கு மேலே கம்பியில் மாட்டினோமா இல்லையா என்பது ஒக்டோவுக்கே நினைவில்லை. எத்தனையோ இரவுகளில் மாட்டியிருக்கிறாள். அந்த ஓர் இரவு மட்டும் மனத்தில் பிடிபடவில்லை. படுத்துக்கொண்டு கம்பியை நினைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் கையுறை அதில் தொங்குவது போலத் தெரியும், மறுநாள் கம்பி வெறுமையாக இருப்பது போலத் தெரியும். வருஷக்கணக்கில் இப்படித்தான் போனது. அதற்குப் பிறகு நாத்தனாரும் அவளும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. ஒரே தெருவில் எதிரெதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

சோவியத் காலம் முடிந்து கூட்டுப்பண்ணை கலைந்த பிறகு, ஊர் மருந்தகத்தின் வண்டியை ஓட்ட ஆள் இல்லாமல் போயிற்று. பண்ணையில் டிராக்டர் ஓட்டிய பழக்கம் ஒக்டோவுக்கு இருந்தது. அவளே எடுத்துக்கொண்டாள். முழு ரொட்டி போலப் பார்வைக்கு இருப்பதால் அந்த வண்டிக்கு 'ரொட்டி' என்றே பெயர். குளிர் காலத்தில் அதன் எஞ்சினைப் பெரும்பாலும் நிறுத்தவே மாட்டார்கள். நின்றுவிட்டால் சிறிது நேரத்தில் எண்ணெய் கெட்டியாகிப் பிறகு நெருப்பு வைத்தால்தான் உயிர் வரும்.

அந்த வருஷம் குளிர் ஒரு வாரமாக அசையாமல் ஊரின் மேல் உட்கார்ந்திருந்தது. புகைபோக்கிகளின் புகை மேலே போக முடியாமல் தெருவிலேயே மூடுபனியாகத் தேங்கிக் கிடந்தது. வெளியே வந்து மூச்சு விட்டால், மூச்சு உறைந்து உதிரும் சரசரப்புக் காதில் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு காலையில் மருந்தகத்துச் செவிலி ஓடி வந்தாள்.

"வட்டாரத்து ஆஸ்பத்திரியிலேருந்து ரேடியோவுல சொன்னாங்க. பல்பாராவோட பொண்ணு குன்னேய்க்குப் பிள்ளை பொறந்துருச்சு. ஆனா ரத்தம் நிக்கலையாம். அவளுக்கு ஏத்த ரத்தம் அங்க இல்ல. தாய் ரத்தம் சேரும்னு தெரியும், உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"இந்தக் குளிருலயா?"

"வேற வண்டி யாருகிட்ட இருக்கு, சொல்லு."

ஒக்டோ கிளம்பத் தயாரானாள். கலைமான் கால்தோல் காலணிக்குள் புதுக் காய்ந்த புல்லைத் திணித்துக்கொண்டாள். காதிலிருந்த வெள்ளித் தோட்டைக் கழற்றிவைத்தாள், உலோகம் காதைக் கொன்றுவிடும். நரித்தோல் தொப்பியை இழுத்துக் கட்டி, அதன்மேல் கம்பளிச் சால்வையை மூக்கு வரை சுற்றினாள். உணவுப் பையில் குதிரைக் கொழுப்பும் தட்டை ரொட்டியும் போட்டு, ஃபிளாஸ்க்கில் கொதிக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

பல்பாரா வண்டிக்குள் ஏறி, முன்னால் இடமிருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தாள். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று முகம் கழுவி, கடையில் வாங்கிய கிரீமைப் பூசியிருந்தாள். கண்ணாடியில் ஒக்டோவுக்கு அந்தக் கன்னம் பளபளவென்று ஈரமாகத் தெரிந்தது. தண்ணீர் கலந்த கிரீமைப் பூசிக்கொண்டு இந்தக் குளிரில் யாராவது வெளியே வருவார்களா? சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வருஷக்கணக்காகப் பேசாத வாய் எப்படித் திறக்கும்? வண்டிக்குள்தானே இருக்கப் போகிறாள் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு கியரைப் போட்டாள்.

உறைந்த ஆறுதான் பாதை. முன்பெல்லாம் சுரங்கத்துக்குப் போகும் லாரிகள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். சுரங்கம் மூடிய பிறகு வாரத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. பாதித் தூரம் கடந்திருப்பார்கள். எஞ்சின் ஒரு முறை இருமியது, மறுபடி இருமியது, பிறகு நின்றுவிட்டது.

அந்த நிசப்தம்தான் பயங்கரம். வண்டிக்குள் இருந்த சூடு கண்ணாடிகளின் ஓரத்திலிருந்து வடிந்து போவது கண்ணுக்கே தெரிந்தது, உறைபனிப் பூ உள்பக்கமாகப் படர்ந்து வந்தது.

"என்னாச்சு?" பல்பாராவின் குரல், தன்னிடம்தான் பேசுகிறாள் என்று ஒக்டோவுக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது.

"பெட்ரோல்ல தண்ணி கலந்துருக்கு அக்கா. குழாய்ல உறைஞ்சு அடைச்சிருச்சு."

"இப்ப?"

"நான் கீழ எறங்கி எடுக்கணும். நீங்க உள்ளயே இருங்க."

"உள்ள இருந்து என்ன செய்யச் சொல்ற? அங்க என் பொண்ணுக்கு ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கு. நானும் வரேன்."

இருவரும் இறங்கினார்கள். ஒக்டோ உபரி டயரை உருட்டி, கந்தலில் பெட்ரோல் நனைத்து அதைக் கொளுத்தினாள். கறுப்புப் புகை எழுந்தது. தட்டை ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி நெருப்புக்குப் போட்டாள். டயர் நெருப்பாக இருந்தாலும் நெருப்பு நெருப்புதான், அதற்குப் பசி இருக்கும். பிறகு கலைமான் தோலை விரித்து, வண்டியின் வயிற்றடியில் மல்லாந்து படுத்தாள். பெட்ரோல் வடிகட்டியின் கிண்ணம் முகத்துக்கு நேரே இருந்தது. அதன் திருகாணி சிறியது. முயல்தோல் கையுறையோடு அதைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே போட்டிருந்த மெல்லிய நூல் உறையோடும் வழுக்கியது.

வேறு வழியில்லை. நூல் உறையையும் கழற்றினாள். வெறும் விரலால் திருகாணியைத் தொட்டதும், தணலைத் தொட்டது போலச் சுட்டது. தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது ஒரு படலம் அதிலேயே நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அரைச்சுற்றுத் திருகினாள், கையைக் கோட்டுக்குள் அக்குளில் செருகினாள், மறுபடி எடுத்தாள், மறுபடி அரைச்சுற்று.

"ஏய், வெளிய வா," என்று பல்பாரா குனிந்து கூப்பிட்டாள். "மூஞ்சியக் காட்டு."

ஒக்டோ தலையை நீட்டினாள். பல்பாரா சால்வையை விலக்கிப் பார்த்தாள். கணவன் செத்த பிறகு இவ்வளவு கிட்டத்தில் அவளுடைய முகத்தை யாரும் பார்த்ததில்லை.

"மூக்கு பரவால்ல. இந்தப் பழைய தழும்புதான் வெளுக்குது." கையுறையைக் கழற்றிச் சூடான உள்ளங்கையை அவள் கன்னத்தில் அழுத்தினாள். "தேய்க்காத. சும்மா இரு. சால்வையத் திருப்பிக் கட்டு, இந்தப் பக்கம் மூச்சுப் பட்டுப் பலகையாயிருக்கு."

அப்போதுதான் ஒக்டோ நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.  பல்பாராவின் இரண்டு கன்னங்களும், மூக்கு நுனியும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருந்தன.

"அக்கா, வலிக்குதா?"

"இல்லையே. முன்ன வலிச்சுச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

"ஐயோ, அந்தக் கிரீம்." ஒக்டோ உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்தாள். பையிலிருந்த குதிரைக் கொழுப்பை வாயில் போட்டு மென்று இளக்கி, விரலால் மூக்கிலும் கன்னத்திலும் அப்பினாள். தன் இரு கைகளாலும் அந்த முகத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் கைகளிலேயே சூடு கொஞ்சம்தான் மிச்சம். "காலையிலயே பாத்தேன் அக்கா. கண்ணாடில பாத்தேன். சொல்லலை."

பல்பாரா அவளை வெறித்துப் பார்த்தாள். கண்ணிமைகளில் பனி ஒட்டியிருந்தது. "பாத்துட்டா சும்மா இருந்த?"

"இருந்தேன்."

"நல்லா இருடி நீ." இமையில் ஒட்டிய பனியைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு, "போ. போய் வேலையப் பாரு. உன்ன அப்புறம் வெச்சுக்கறேன்" என்றாள்.

ஒக்டோ மீண்டும் வண்டிக்கடியில் போனாள். கிண்ணம் கழன்றது. கழன்ற வேகத்தில் உள்ளேயிருந்த பெட்ரோல் அவள் வலது கையில் கொட்டியது. இந்தக் குளிரிலும் பெட்ரோல் உறையாது. உறையாததுதான் ஆபத்து, வெளியே இருக்கும் குளிர் முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்து தோலில் ஊற்றிவிடும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அவள் கண்ணெதிரே வெளுத்து, மரக்குச்சி போல ஆயின. வலியே இல்லை. அது தெரிந்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. கண்ணீரும் உறைந்துவிடக் கூடாதென்று அதையும் அடக்கினாள்.

இடது கையால் கிண்ணத்திலிருந்த பனிக்கட்டியைத் தட்டிக் கொட்டிவிட்டு வெளியே ஊர்ந்து வந்தாள். கையை நீட்டிக் காட்டினாள்.

பல்பாரா பார்த்தாள். தன் கோட்டை அவிழ்த்தாள், உள்ளே போட்டிருந்த கம்பளிச் சட்டையைத் தூக்கினாள், அந்தக் கையை எடுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்து அழுத்தி, கோட்டை மூடிக்கொண்டாள். பனிக்கட்டியை வயிற்றில் வைத்தது போல உடம்பு துடித்தது, ஆனால் விடவில்லை. டயர் நெருப்பின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருவரும் ஒட்டி நின்றார்கள்.

"அசை. விரல அசைடி."

"அசையல."

"அசைன்னு சொல்றேன்ல."

"அக்கா, அன்னிக்குக் கையுறைய அடுப்பு மேல காயப்போட்டேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமே இல்ல. எத்தனையோ தடவ நினைச்சுப் பாத்துட்டேன். சத்தியமா ஞாபகம் இல்ல."

"இப்ப எதுக்கு அது? விரல அசை."

மோதிரவிரலில் ஊசி குத்துவது போல உயிர் வந்தது. கட்டைவிரலிலும் வந்தது. மற்ற இரண்டும் வயிற்றுச் சூட்டிலும் கட்டையாகவே கிடந்தன. இதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. டயர் பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. எஞ்சினில் இன்னும் கொஞ்சம் சூடு இருக்கும், அதுவும் போய்விட்டால் பேட்டரியால் அதைச் சுற்ற முடியாது.

"குழாயும் அடைச்சிருக்கும்," என்றாள் ஒக்டோ. "சுடவெக்கணும். நெருப்பக் கிட்டக் கொண்டுபோனா வண்டியே எரிஞ்சிரும். தேத்தண்ணிதான் இருக்கு."

பல்பாராவின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் பனியை வாங்கியதிலிருந்து அவள் உடம்பு நடுக்கத்தை நிறுத்தவே இல்லை. இரண்டு வாய் சூடாகக் குடித்தால் தாங்கும். ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"ஊத்து," என்றாள். "நான் குடிச்சு என்ன ஆகப்போகுது. ஊத்து."

தன் தலையில் கட்டியிருந்த இரண்டாவது சால்வையை அவிழ்த்துக் கிழிக்கக் கொடுத்தாள். இந்த முறை அவளும் வண்டிக்கடியில் ஊர்ந்து வந்தாள். ஒக்டோ சொன்ன இடத்தில் கம்பளியைக் குழாயைச் சுற்றிக் கட்டினாள். அதன்மேல் தேநீரைச் சிறிது சிறிதாக ஊற்றினார்கள். ஆவி எழுந்து இருவர் புருவத்திலும் வெள்ளையாகப் படிந்தது. கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு, கிண்ணத்தை மாட்டினார்கள். ஒக்டோ இடது கையால் பிடிக்க, பல்பாரா தன் வெறும் விரல்களால் திருகினாள்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். அக்கா, மூக்கு மறுபடி வெளுக்குது."

"வெளுக்கட்டும். பிடி."

ஒக்டோ ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முனகியது, முக்கால்வாசி சுற்றி நின்றது. மறுபடி திருப்பினாள். அதே முனகல், அதைவிட மெதுவாக. அவள் நெற்றியை ஸ்டியரிங் சக்கரத்தில் வைத்துக்கொண்டாள். இனி எதைக் கேட்பது, யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை. பக்கத்தில், இந்த முறை முன் இருக்கையில், பல்பாரா வாய்க்குள் மகளின் பெயரைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். வேண்டுதல் மாதிரி இல்லை, கதவு தட்டுவது மாதிரி இருந்தது. மூன்றாம் முறை திருப்பியபோது எஞ்சின் இருமி, இன்னொரு முறை இருமி, பற்றிக்கொண்டது. இருவரும் சிரிக்கவுமில்லை, கட்டிக்கொள்ளவுமில்லை. ஒக்டோ மணிக்கட்டால் கியரைத் தள்ளினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பல்பாராவால் வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவர் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

"இந்த அம்மா உடம்பே சில்லிட்டுக் கெடக்கு. இப்ப ரத்தம் எடுத்தா இவங்களும் போயிருவாங்க."

"எடுங்க," என்று பல்பாரா உளறும் நாக்கோடு கெஞ்சினாள். "இதுக்காகத்தான் வந்தேன். எடுங்க தாயி."

"முதல்ல சூடாகுங்க. பொண்ணு இன்னும் மூச்சு விடுறா. அவளும் உசிரப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கா."

காத்திருந்த அந்த நேரம் ஆற்றின் மேல் இருந்த நேரத்தைவிடக் கொடியது என்று ஒக்டோ பிற்பாடு சொல்வதுண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் கையை வைத்திருந்தார்கள். உயிர் திரும்பும் விரல்களின் வலியில் அவள் தன் தோள்பட்டையைக் கடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் பல்பாரா, முகம் முழுக்கக் கொப்புளங்களோடு, போர்வைகளுக்கு அடியில் கிடந்து, போகிற வருகிற எல்லோரிடமும் "நான் சூடாயிட்டேன், தொட்டுப் பாருங்க" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியைக் கொண்டுவந்தாள்.

குன்னேய் பிழைத்தாள். பல நாள் இழுபறிக்குப் பிறகுதான் பிழைத்தாள் என்று சொல்ல முடிந்தது, இன்னொரு பிள்ளை பெற வழியில்லாமல் போயிற்று. பிறந்தது பெண் குழந்தை. ஒக்டோவின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கணுவோடு எடுத்துவிட்டார்கள். பல்பாராவின் மூக்கு நுனியில் ஒரு பகுதி கறுத்து உதிர்ந்தது. "எனக்கும் உன்ன மாதிரி மூஞ்சி ஆயிருச்சு. இனிமே என்ன யாரு கட்டிக்குவான்?" என்று அறுபதை நெருங்கிய பல்பாரா கேட்டாள். ஒக்டோ கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது.

சவ அடக்கத்தன்று சொன்ன சொல்லைப் பல்பாரா கடைசி வரை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒக்டோவும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு? ஆனால் அந்த வருஷத்திலிருந்து குளிர் மாதக் காலைகளில் பல்பாரா எதிர்த் தெருவிலிருந்து நடந்து வருவாள். இரண்டு விரல் போன கையால் தொப்பியின் நாடாவைக் கட்ட ஒக்டோவுக்கு வராது. "கழுத்த நீட்டு, மாடு மாதிரி நிக்காத" என்று திட்டிக்கொண்டே கட்டிவிடுவாள். ஒக்டோ அந்தக் கையின் மூன்று விரலோடு அந்த ரொட்டி வண்டியை அது துருப்பிடித்து உட்காரும் வரை ஓட்டினாள். வெட்டிய இடத்தில் வளர்ந்த தோல் வெங்காயச் சருகு போல மெல்லியது. குளிர் வருவதற்கு முந்தைய நாளே அதில் குடைச்சல் தொடங்கிவிடும். மீனை எப்படிச் சீவுவது என்பது முதல் குழந்தைக்குச் சால்வையை எத்தனை சுற்றுச் சுற்றுவது என்பது வரை இருவருக்கும் தினமும் வாக்குவாதம் நடக்கும்.

பல்பாரா முந்திக்கொண்டாள். ஆற்றின் பனி உடைந்து ஓடி முடிந்து, மண்ணில் மண்வெட்டி இறங்கும் ஜூன் மாதத்தில் போனாள். உடம்பைக் குளிப்பாட்டி உடுத்தும் வேலையை ஒக்டோ வேறு யாருக்கும் விடவில்லை. கழுத்தோரத்துப் பொத்தான்கள் மட்டும் அவள் கைக்கு நிற்கவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள். குன்னேய் வந்து போட்டுவிட்டாள்.